இரவற் குஞ்சுகள்

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தாயின் கண்டிப்பினால் பிள்ளைக்குக் கேடு விளையாது என்பதை உணர்த்தப் பெரியோர் இதனை எடுத்துக் கூறுவர். பழமொழி பொய்யன்று. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. தன் குஞ்சு என்று கோழி ஏற்றுக்கொண்ட குஞ்சுக்கே அது பொருந்தும். ஏற்றுக்கொள்ளாத குஞ்சைக் கோழி மிதிப்பதில்லை, கொத்துகின்றது. ஒரு நாள் வயதுடைய குஞ்சின் மண்டையோடு மிக மெல்லியது. வளர்ந்த கோழியின் அலகு இரண்டு முறை அதன்மேல் விழுமாயின், மூன்றாம் முறைக்குத் தேவை இராது.

கிராமத்து இல்லத்தரசி ஒருவர் சந்தையிலிருந்து பன்னிரண்டு குஞ்சுகளை மட்டைப்பெட்டியொன்றில் வாங்கி வருகின்றார் என்று கொள்வோம். அவை பொறியிற் பொரித்த குஞ்சுகள். தாயின் சூட்டை அறியாதவை. அதே வேளையில் அவருடைய பின்வளவிலே ஊர்க்கோழியொன்று கூழாகிப்போன முட்டைகளின்மேல் இரண்டு வாரங்களாக அடை கிடக்கின்றது. அங்கே தாயற்ற குஞ்சுகள். இங்கே குஞ்சற்ற தாய். இரண்டையும் ஒன்று சேர்த்துவிட்டால் இரு குறையும் ஒருங்கே தீரும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தோடு நண்பகலிலே குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கோழியின் முன்னே கொட்டிவிட்டுக் குசினிக்குத் திரும்புவோரும் உளர். ஒரு நாழிகை கழித்துச் சென்று பார்க்கும்போது நாலைந்து குஞ்சுகள் இறந்து கிடப்பதைக் காண்பர். ‘பொல்லாத கோழி’ என்று பழியும் அதன்மேலேயே விழும். உண்மையிற் பொல்லாதது கோழியன்று. அவை சேர்க்கப்பட்ட வேளையும் விதமுமே பொல்லாதவை.

மின்குமிழின் சூட்டிலே குஞ்சு வளர்க்கும் வசதி வந்தபின் அடைக்கோழி எதற்கு என்று கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் இலங்கையிற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. முதல் வாரத்துக் குஞ்சுக்கு ஏறக்குறைய 33 முதல் 35 பாகை செல்சியசு வரையிலான வெப்பம் வேண்டும். மின்குமிழ் அணைந்த இரவிலே அது கிடைப்பது எவ்வாறு? கோழித்தீன் அருகி, முட்டைக்கும் தட்டுப்பாடு வந்து, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் ஏற்பட்டது. அத்தகைய காலத்தில் வளவிலே மேயும் நாலு கோழி ஒரு குடும்பத்துக்கு எத்துணை உதவி என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடைக்கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை. அதற்கு மின்சாரம் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். குளிர்ந்தபோது குஞ்சு தானே இறகின்கீழ் நுழையும். சூடு போதுமானபோது தானே வெளியே வரும்.

இனி, அடைக்கோழி என்பது யாது என்று நோக்குவோம். முட்டையிட்டு வரும் கோழியின் உடலிலே ஒரு பருவத்தில் புரோலக்ரின் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரக்கின்றது. அப்போது முட்டையிடுதல் நிற்கின்றது. கோழி கூட்டைவிட்டு அகலாது கிடக்கின்றது. நாளில் ஒருமுறையோ இருமுறையோ எழுந்து, இரை பொறுக்கி, நீர் அருந்தி, பெருந்திரளாக எச்சமிட்டு, விரைந்து திரும்புகின்றது. கையை நீட்டினால் இறகுகளைச் சிலிர்த்து உறுமுகின்றது. நெஞ்சிலுள்ள இறகுகள் உதிர்ந்து தோல் வெளிப்படுகின்றது. முட்டையின்மேலும் குஞ்சின்மேலும் உடற்சூடு நேராகப் படுவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. வெள்ளை லெகோன் போன்ற இனங்களிலே, முட்டை குறையாதிருத்தற்பொருட்டு, அடை கிடக்கும் இயல்பு பல தலைமுறைகளாகத் தெரிந்து விலக்கப்பட்டுவிட்டது. ஆகவே இத்தொழிலுக்கு ஊர்க்கோழியே உகந்தது. அதிலும் முன்னர் ஒருமுறையேனும் குஞ்சு வளர்த்துப் பழகிய கோழி மிகச் சிறந்தது.

அடை கிடக்கத் தொடங்கிய மறுநாளே கோழி தாயாகிவிடுவதில்லை. முட்டை பொரிப்பதற்கு 21 நாட்கள் செல்லும். அந்நாட்களிலே கோழியின் மனமும் உடலும் படிப்படியாக முட்டையிலிருந்து குஞ்சுக்குத் திரும்புகின்றன. பொரிப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே ஓட்டினுள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கும். கோழியும் மெல்லிய குரலில் விடையளிக்கும். இரண்டும் ஒன்றையொன்று காணுமுன்னரே உரையாடிவிடுகின்றன. எனவே, இரவற் குஞ்சுகளை ஒப்படைக்கும் கோழி இரண்டு வாரமேனும் அடை கிடந்ததாக இருத்தல் நன்று. மூன்று வாரம் நிறைந்ததாயின் மிக நன்று. இரண்டு மூன்று நாட்களே கிடந்த கோழியிடம் குஞ்சை விடுவது சூதாட்டத்தை ஒக்கும்.

கோழி தன் குஞ்சை எதனால் அறிகின்றது? கண்ணாலா, காதாலா? உயிரியலாளர் யாக்கோப் ஃபொன் உக்ஸ்குல் 1934இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு விடை கூறும் சோதனையொன்று விவரிக்கப்பட்டுள்ளது. ஒரு குஞ்சின் காலைக் கட்டித் தாயின் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்து வைத்தார்கள். குஞ்சு கதறிற்று. தாய்க்கோழி இறகைச் சிலிர்த்து ஒலி வந்த திசையை நோக்கி ஓடி, காணாத பகைவனைக் கொத்த முற்பட்டது. பின்னர் அவ்வாறு கட்டிய குஞ்சைக் கண்ணாடிக் கிண்ணமொன்றினாற் கவிழ்த்து மூடித் தாயின் கண்ணெதிரே வைத்தார்கள். குஞ்சு துடிப்பது தெரிந்தது. குரல் மட்டும் வெளியே வரவில்லை. தாயோ யாதொரு கலக்கமுமின்றி மேய்ந்துகொண்டிருந்தது.

1960இல் வொல்ஃப்காங் ஷ்லைட்டும் அவருடன் பணிபுரிந்தோரும் வான்கோழிகளைக்கொண்டு நடத்திய ஆய்வு இதனினும் கொடிய உண்மையொன்றைக் காட்டியது. செவிப்புலன் நீக்கப்பட்ட பெட்டை வான்கோழிகள் முட்டைகளை ஒழுங்காகவே அடைகாத்தன. ஆனால், குஞ்சுகள் வெளிவந்ததும் தாம் அடைகாத்துப் பொரித்த அக்குஞ்சுகளையே கொத்திக் கொன்றன. குஞ்சின் குரல் கேளாத தாய்க்குக் கூட்டினுள் அசையும் எப்பொருளும் பகையாகவே தோன்றிற்று. இவ்விரண்டு சோதனைகளையும் சேர்த்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். தாய்மையின் முதல் வாயில் கண்ணன்று, காதும் தோலுமே. நெஞ்சின்கீழே இளஞ்சூட்டோடு அசையும் ஓர் உயிர், அதனிடமிருந்து எழும் மெல்லிய குரல் ஆகிய இரண்டும் ஓரிரவு முழுவதும் கோழிக்குக் கிடைக்குமாயின், விடியும்போது அது தாயாகவே எழும். நண்பகலிலே கண்ணெதிரே கொட்டப்படும் குஞ்சுகளோ அதற்கு வெறும் அந்நியரே.

குஞ்சின் பக்கத்திலும் ஒரு காலக்கெடு உண்டு. 1873இல் டக்ளஸ் ஸ்போல்டிங் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், பொரித்தவுடன் குஞ்சுகளின் கண்களை மறைத்து வைத்து, பின்னர் வெவ்வேறு நாட்களில் அம்மறைப்பை நீக்கிப் பார்த்தார். முதலிரண்டு நாட்களுள் கண் திறக்கப்பட்ட குஞ்சுகள் தம்முன்னே அசைந்த எதனையும் பின்தொடர்ந்தன. மனிதனாயினும் அவை அஞ்சவில்லை. ஏறக்குறைய நான்கு நாட்கள் மறைத்து வைக்கப்பட்ட குஞ்சுகளோ அவரைக் கண்டதும் அஞ்சி ஓடின. பின்னாளில் கொன்ராட் லோரன்ஸ் இவ்வியல்பை 1935இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கிராமத்து இல்லத்தரசி இதிலிருந்து கொள்ளவேண்டிய பொருள் மிக எளிது. குஞ்சின் வயது ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இருத்தல் வேண்டும். ஒரு வாரம் கடந்த குஞ்சு, கோழியே அழைத்தாலும் அதன் இறகின்கீழ் வராது மூலையில் ஒதுங்கி நின்று குளிரால் நலியும்.

இத்துணையும் அறிந்தபின் செய்முறை தானே விளங்கும்.

முதலாவது, கோழியின் தூய்மை. பேனும் செள்ளும் மொய்த்த கோழியின்கீழே இளங்குஞ்சுகளை விட்டால், அவை சில நாட்களிலேயே இரத்தம் இழந்து சோர்ந்துவிடும். குஞ்சு வருவதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே கால்நடை வைத்தியரைக் கேட்டுத் தக்க பொடியைக் கோழியின் இறகினடியிலே தூவிவிடுதல் வேண்டும். பழைய வைக்கோலை அகற்றி எரித்துவிட்டுப் புதியது பரப்புதலும் அவசியம்.

இரண்டாவது, இடம். உயரத்தே கட்டிய ஓலைப்பெட்டியில் அடை கிடக்கும் கோழியிடம் குஞ்சை விட்டால், குஞ்சு கீழே விழுந்து மீண்டும் ஏறமாட்டாது கதறும். ஆகவே நிலமட்டத்திலே, மற்றைக் கோழிகள் அணுகாத தனியிடத்திலே, காற்றும் மழைச்சாரலும் படாத மறைவிலே கூடு அமைதல் வேண்டும். கோழியைப் புதிய கூட்டுக்கு மாற்றுவதாயின், அதனையும் முன்னைய ஓர் இரவிலேயே செய்து, அங்கே அது அமைதியாகக் கிடக்கின்றதா என்று இரண்டு நாட்கள் பார்த்துக்கொள்ளுதல் நன்று. இடமாற்றத்தால் அடை கலைந்துபோகும் கோழியும் உண்டு. குஞ்சுகளை வாங்குமுன் அதனை அறிந்துகொள்வதே புத்தி.

மூன்றாவது, குஞ்சுகளின் நிலை. பொரிப்பதற்குச் சற்று முன்னர் மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்படுகின்றது. அதன் துணையால் இரண்டு நாட்கள் வரை இரையின்றியும் குஞ்சு உயிர் தாங்கும். தொலைவிலிருந்து குஞ்சுகளைப் பெட்டியில் அனுப்ப முடிவதும் இதனாலேயே. ஆயினும் பயணத்தால் தாகமுற்ற குஞ்சுகளை அவ்வாறே கோழியிடம் விடலாகாது. வீட்டுக்கு வந்ததும் சூடான பெட்டியில் வைத்து, அலகை நீரில் ஒருமுறை தோய்த்துக் குடிக்கப் பழக்கி, நொய்யான குஞ்சுத்தீனும் கொடுத்து, மாலைவரை இளைப்பாற விடுதல் வேண்டும். வயிறு நிறைந்த குஞ்சு அமைதியாகக் கிடக்கும். பசித்த குஞ்சு ஓயாது கதறிக் கோழியையும் கலக்கிவிடும். குஞ்சுகளின் தொகை கோழியின் இறகுப் பரப்புக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நடுத்தர ஊர்க்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு வரை போதுமானது.

இனி, இரவு. ஊர் அடங்கி, கோழி நன்றாக உறங்கும் வேளையே தக்க வேளை. விளக்கைக் கோழியின் முகத்துக்கு நேரே பிடித்தலாகாது. சற்றுத் தூரத்திலே மங்கலாக எரியும் ஒளி போதும். இருளிலே கோழியின் பார்வை மிகக் குறைவு. அக்குறைவே இங்கு நமக்குத் துணை. குஞ்சு எப்படித் தோன்றுகின்றது என்பதை அது காணாது. குரலையும் அசைவையுமே உணரும்.

கையைக் கோழியின் பக்கவாட்டாக, இறகின்கீழே மெல்லச் செலுத்தி, ஒரு முட்டையை எடுத்து, அவ்விடத்திலே ஒரு குஞ்சை வைத்தல் வேண்டும். குஞ்சை உள்ளங்கையாற் பொதிந்து கொண்டுபோனால், கோழி கொத்தினாலும் அக்கொத்து மனிதரின் கையிலேயே படும். முதலில் இரண்டு குஞ்சுகளை மட்டும் வைத்துவிட்டு, அரைமணி நேரம் ஒதுங்கி நின்று செவிகொடுத்தல் நன்று. கோழி உடலைச் சற்று உயர்த்தி, இறகை விரித்து, தாழ்ந்த குரலில் ‘கொக், கொக்’ என்று மெல்ல ஒலிக்குமாயின் அது நல்ல அறிகுறி. குஞ்சுகளின் கீச்சொலியும் படிப்படியாகத் தணிந்து உறக்கத்தின் மெல்லொலியாக மாறும். அதன்பின் மற்றைக் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, எஞ்சிய முட்டைகள் அனைத்தையும் எடுத்துவிடலாம். முட்டையை விட்டுவைத்தால், எழுந்து குஞ்சோடு போவதா, கிடந்து முட்டையைக் காப்பதா என்று கோழி தடுமாறும்.

கோழி தானே பொரித்த குஞ்சுகள் சில முன்னரே உள்ளனவாயின், அவை பொரித்து ஓரிரு நாட்களுக்குள்ளேயே இரவற் குஞ்சுகளையும் சேர்த்துவிடுதல் வேண்டும். நாட்கள் செல்லச் செல்லக் கோழி தன் குஞ்சுகளைப் பார்த்தும் அறியத் தொடங்கும். அப்போது நிறம் மாறுபட்ட புதுக்குஞ்சைச் சிலவேளை வேறாக்கித் துரத்தும்.

இரவு நல்லபடியாகக் கழிந்தது என்பதனால் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளுதல் தவறு. உண்மையான சோதனை விடியற்காலையிலேதான் நிகழ்கின்றது. முதன்முறையாகக் கோழி குஞ்சுகளைக் கண்ணாற் காண்பது அப்போதுதான். ஆகவே கிழக்கு வெளுக்குமுன் கூட்டருகே ஆள் இருத்தல் வேண்டும். குஞ்சுகளின் தலைகள் இறகிடையே எட்டிப் பார்ப்பதும், கோழி தரையைக் கிளறி இரைத்துணுக்கை அலகாற் கொத்திப் போட்டு அவற்றை அழைப்பதும் கண்டால் மனம் ஆறலாம். மெதுவாக ஒரு தட்டுத் தட்டிக் குஞ்சை உள்ளே தள்ளுவது தாயின் கண்டிப்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கோழி எழுந்து பின்வாங்கி, கழுத்து மயிரைச் சிலிர்த்து, குஞ்சின் தலையையும் கண்ணையும் நோக்கி மீண்டும் மீண்டும் கொத்துமாயின் கணமும் தாமதித்தலாகாது. எல்லாக் குஞ்சுகளையும் உடனே எடுத்துச் சூடான பெட்டிக்கு மாற்றிவிடுதல் வேண்டும். ‘பழகிவிடும், பார்ப்போம்’ என்று காத்திருப்பது குஞ்சின் உயிரை விலையாக வைப்பதாகும். அடுத்த இரவில் ஒருமுறை மீண்டும் முயன்று பார்க்கலாம். அதற்கும் இணங்காத கோழியை வற்புறுத்துவதிற் பயனில்லை. இக்காரணம் பற்றியே, குஞ்சு வாங்குமுன் மாற்று ஏற்பாடாகச் சூட்டுப்பெட்டியொன்றும் ஆயத்தமாயிருத்தல் இன்றியமையாதது.

ஏற்றுக்கொண்ட கோழியையும் குஞ்சுகளையும் முதல் மூன்று நான்கு நாட்கள் அடைப்பிலேயே வைத்திருப்பது நலம். அந்நாட்களிலே குஞ்சு தாயின் குரலைப் பழகும். தாயும் குஞ்சுகளைப் பழகும். நீர்த்தட்டு ஆழமற்றதாக, சிறு கூழாங்கற்கள் இட்டதாக இருத்தல் வேண்டும். ஆழமான சட்டியில் விழுந்து மூழ்கி இறக்கும் குஞ்சுகள் பல. முட்டையிடும் கோழிகளுக்கான தீனிற் கல்சியம் மிகுதி; அது இளங்குஞ்சின் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும். ஆகவே தாயும் குஞ்சும் ஒருங்கே குஞ்சுத்தீனையே உண்ணலாம். அடை கிடக்கும் தாய் முட்டையிடாதாதலால் அதற்கு அதனாற் குறைவொன்றுமில்லை.

நோய் பற்றியும் ஒரு சொல். வளர்ந்த கோழி தான் நோயுறாதிருந்தும் நோய்க்கிருமிகளைத் தாங்கி நிற்கக்கூடும். மாரெக்ஸ் நோய்க்கு எதிராக முதல் நாளிலே ஏற்றப்படும் தடுப்பூசியின் காப்பு நிலைபெறுவதற்குச் சில நாட்கள் செல்லும். ஆகையால் தாயையும் குஞ்சையும் மற்றைக் கோழிகளின் எச்சம் படிந்த தரையில் விடாது, புதிய மண்ணிலே வைத்திருத்தல் நன்று. குஞ்சு வாங்கும்போது எந்தத் தடுப்பூசிகள் ஏற்றப்பட்டன என்று கேட்டறிந்து, எஞ்சியவற்றுக்குரிய நாட்களைக் கால்நடை வைத்தியரிடம் குறித்துக்கொள்ளுதலும் வேண்டும்.

அடைப்பைத் திறந்தபின் காகமும் பருந்தும் கீரியும் காத்திருக்கும். முதற் சில நாட்கள் வெயிலேறியபின் சிறிது நேரம் மட்டும் வெளியே விட்டு, மற்றை நேரம் கரப்பினாற் கவிழ்த்து மூடி வைப்பது பழைய வழக்கம். அது இன்றும் நல்ல வழக்கமே. வானிலே நிழல் ஒன்று வட்டமிட்டதும் கோழி எழுப்பும் நீண்ட எச்சரிக்கைக் குரலுக்குப் பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரே நொடியில் நிலத்தோடு பதுங்குவதைக் காண்போர், இவை பொறியிற் பொரித்தவை என்று ஒருபோதும் கூறமாட்டார். எந்த மின்குமிழும் இதனைக் கற்றுக்கொடுப்பதில்லை.

தாரா முட்டையைக் கோழியில் அடைவைக்கும் வழக்கம் நம் கிராமங்களிலே உண்டு. 28 நாட்கள் கிடந்து பொரித்த தாராக்குஞ்சுகள் முதன்முதலாகக் குளத்தில் இறங்கும்போது, கரையில் நின்று கோழி பதறுவதைக் கண்டோர் பலர். இறகும் அலகும் காலும் வேறாயிருந்தும் அது அவற்றைக் கைவிடுவதில்லை. தன் நெஞ்சின்கீழே யார் கிடந்தார்கள், யாருடைய குரல் தன் காதில் விழுந்தது என்பதே அதற்குக் கணக்கு.

ஐந்து முதல் எட்டு வாரங்களுள் குஞ்சுகளுக்கு இறகு நிறைந்துவிடும். அதன்பின் ஒருநாள் கோழி அவற்றை மெல்ல விலக்கத் தொடங்கும். மீண்டும் சேவலோடு சேரும். மீண்டும் கூட்டிலேறி முட்டையிடும். அன்று பெட்டியில் வந்த இரவற் குஞ்சுகள் இரவு வந்ததும் தாமே மரக்கிளையிலோ கூட்டுப் பரணிலோ ஏறி அமரும். அவற்றுட் பெட்டைகள் சில, பின்னொரு பருவத்தில், யாரும் கற்றுக்கொடாமலே வைக்கோலிலே அமர்ந்து, கிட்ட வருவோரை நோக்கி இறகைச் சிலிர்க்கும். அந்நாளில் அவ்வில்லத்தரசி நாள் குறித்துக்கொண்டு, மூன்றாம் வாரத்தின் ஓர் இரவுக்காகக் காத்திருப்பாராயின், சந்தையில் வாங்கும் அடுத்த பன்னிரண்டு குஞ்சுகளுக்கும் தாய் ஆயத்தமாயிருக்கும்.